சோகேஸிலிருந்து இறங்கட்டும் கோப்பைகள்

ஒரு கணக்கோடு தொடங்குவோம். மலையகத்தின் பல தோட்டங்களில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து நிறுக்க வேண்டும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து வந்தால் ஒரு கிலோ தூள். அப்படியானால் 18 கிலோவுக்கு 4 கிலோ தூள். கோப்பைக்கு 2 கிராம் போட்டு ஊற்றினால் 2,000 கோப்பைத் தேத்தண்ணி. மலையில் ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு அவ்வளவு பேருக்குத் தேத்தண்ணியாகிறது. அந்தப் பெண் பின்னேரம் வீட்டுக்கு வந்து, தன் குசினியில், தனக்கென்று எதில் ஊற்றிக் குடிக்கிறாள்?

கலஹாவைச் சுற்றியுள்ள லயங்களில் இதற்கான பதில் பெரும்பாலும் ஒன்றுதான். விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் கோப்பை, அல்லது பால்மா பெட்டியோடு இலவசமாக வந்த ஒரு மக், அல்லது ஒரு எவர்சில்வர் டம்ளர். நல்ல கோப்பைகளும் அந்த வீட்டில் இருக்கின்றன. முன் அறையில், கண்ணாடிக் கதவு போட்ட சோகேஸில், பீரிஸோடு அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு தடவை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும், இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவதோடு அவற்றின் வேலை முடிகிறது.

சின்னக் குசினியில் கோப்பைக்கு இடமில்லை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இடம் குறைவு என்பது உண்மை. ஆனால் இருக்கிற இடத்தில் பாதியை உடைந்ததற்கும் உதவாததற்கும் கொடுத்துவிட்டு, நல்லதை யாரோ வரப்போகிற ஒரு விருந்தாளிக்காகப் பூட்டி வைத்திருக்கிறோம் என்பதும் உண்மை. எந்தக் கோப்பையை வாங்குவது, எத்தனை வைத்திருப்பது, எங்கே வைப்பது என்பதைக் கொஞ்சம் கவனித்துச் செய்தால் பத்தடிக் குசினியிலும் எல்லோருக்கும் நல்ல கோப்பை கிடைக்கும்.

தேயிலை பிறந்த மலை

கண்டியிலிருந்து பேராதனை வந்து, பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே போகிற பாதையின் பெயரே கலஹா வீதி. விரிவுரை மண்டபங்களைத் தாண்டி அது மலையேறுகிறது. கலஹா ஒரு சிறிய கடைத்தெரு, சுற்றிலும் தோட்டங்கள், அப்பால் தெல்தோட்டை. இந்த வட்டாரத்து லூல்கந்துரத் தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வணிகத்துக்கென்று நடப்பட்ட முதல் தேயிலை அது. இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பிடித்தது. கோப்பி அழிந்தது, தேயிலை பரவியது.

டெய்லரின் முதல் தேயிலைக்குத் தொழிற்சாலை கிடையாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, இலையைக் கையாலும் முன்னங்கையாலும் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டு வைத்துக் காய வைத்தார்கள். 1873இல் அங்கிருந்து 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. ஒரு விறாந்தை, ஒரு மேசை, ஓர் அடுப்பு. நாட்டின் பெரிய ஏற்றுமதித் தொழிலே ஒரு சின்ன இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. டெய்லர் 1892இல் இறந்தார். கண்டி மஹியாவ மயானத்தில் அவருக்குக் கல்லறை உண்டு. உருட்டிய கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்கள் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையைத் தேயிலை நூதனசாலையாக்கி, டெய்லர் காலத்துப் பொருட்களையும் பழைய இயந்திரங்களையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தொழிலாளி குடித்த இனாமல் கோப்பைக்கும் அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும் என்பது என் விருப்பம்.

லயத்துக் காம்பராவின் அளவை மலையகத்தில் குழந்தையும் சொல்லும்: பத்துக்குப் பன்னிரண்டு. அதாவது 120 சதுர அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. குசினி பல வீடுகளில் பின்னால் இறக்கிக் கட்டியது. சில வீடுகளில் இஸ்தோப்பின் ஒரு மூலையையே தகரத்தால் மறைத்தது. அதற்குள் விறகடுப்பு, தண்ணீர்க் குடம், அரிசி வாளி, கேத்தல், சட்டி பானை. பிள்ளைகளின் புத்தகப் பையும் சில நாள் அங்கேதான் தொங்கும். இந்த நெருக்கத்தில் ஒரு கோப்பை பிடிக்கிற இடம் சிறிதல்ல. சாதாரண மக் ஒன்று கைபிடியோடு சேர்த்து 12 சென்றிமீற்றர் அகலம், 10 சென்றிமீற்றர் உயரம். இரண்டடிப் பலகையில் நேராக வைத்தால் ஐந்து மக்தான் நிற்கும். இருபது மக் வைத்திருக்கிற வீடு எட்டடிப் பலகையை அவற்றுக்கே கொடுத்துவிடுகிறது.

இவ்வளவு எப்படிச் சேர்ந்தது

யாரும் ஒரே நாளில் இருபது கோப்பை வாங்குவதில்லை. புத்தாண்டு விளையாட்டுப் போட்டியில் இரண்டாம் பரிசு. பாலர் பாடசாலைப் பரிசளிப்பு. பேரப்பிள்ளையின் படம் அச்சடித்த மக். கொழும்புக் கடையில் வேலை செய்கிற மகன், வருட முடிவில் முதலாளி கொடுத்த கம்பெனிப் பெயர் போட்ட மக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது, அதனால் எதையும் வீச மனம் வருவதில்லை.

சோகேஸில் இருப்பவற்றின் கதை வேறு. மலையகத்து வீடுகளில் அந்த செட்டுகளில் பல, தாய்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தவை. தங்க விளிம்பு போட்ட சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், பூப்போட்ட பீங்கான். உடுப்புகளுக்குள் ஒவ்வொன்றாகச் சுற்றி, விமானத்தில் ஏற்றி, கட்டுநாயக்காவிலிருந்து கண்டி வரை மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. இரண்டு வருடம் பிள்ளையைப் பிரிந்திருந்ததற்கு அந்த வீட்டில் கண்ணால் காணக்கூடிய சாட்சி அதுதான். அதை எடுத்துப் புழங்கு என்று வெளியிலிருந்து சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். உடைந்துவிடுமே என்று பத்து வருடம் பூட்டி வைத்த கோப்பையில், அதை வாங்கியவள் ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை என்றால் அந்த உழைப்பு யாருக்கு? வீட்டில் வாங்கியவளே முதல் விருந்தாளி.

எதில் குடிப்பது

கோப்பை வாங்கும்போது நாம் பூவைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது வேறு நாலைந்து.

முதலில் பொருள். இனாமல் கோப்பை தோட்டத்துக்குப் பழைய உறவு. கீழே விழுந்தால் உடையாது, மலைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் விழுந்த இடத்தில் பூச்சு தெறிக்கும். விளிம்பில் நகத்தளவு கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறதே, அது இரும்பு. அந்த இடத்தில் துரு தொடங்கிவிட்டால் தேத்தண்ணியில் அதன் கசப்பு இறங்கும், உதடும் கிழியும். அந்த நிலைக்கு வந்த கோப்பையில் பச்சை மிளகாய் நடலாம், குடிக்கக் கூடாது.

எவர்சில்வர் டம்ளர் வாழ்நாள் முழுக்க வரும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் என்பதால் சின்னக் குசினிக்கு அதைவிடச் சிக்கனமான பாத்திரம் கிடையாது. குறை என்னவென்றால் சூடு முழுவதும் கைக்கும் உதட்டுக்கும் வந்துவிடும், தேத்தண்ணியும் விரைவில் ஆறிவிடும். இரட்டைச் சுவர் வைத்த எவர்சில்வர் மக் இப்போது கண்டிக் கடைகளில் உண்டு. மூடியோடு வாங்கினால் மலைக்குப் போகிறவர்களுக்கு மிக நல்லது. அதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அது சூட்டை வெளியே விடாது. கை தாங்குகிறதே என்று நம்பிக் கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிடுவோம். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. தேயிலையில் பழுதில்லை, சூட்டில்தான். ஊற்றி ஐந்து நிமிடம் பொறுப்பது நல்லது.

மெலமைன் கோப்பையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லத்தான் வேண்டும். பார்க்கப் பீங்கான்போல, விழுந்தாலும் உடையாது, விலை குறைவு. அதனால்தான் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நிறைய. ஆனால் 70 பாகைக்கு மேலான சூட்டில் மெலமைனும் ஃபோமல்டிஹைட்டும் பாத்திரத்திலிருந்து பானத்துக்குள் இறங்கும். எலுமிச்சை பிழிந்த புளிப்புத் தேத்தண்ணி என்றால் இன்னும் கூட. கொதிக்கிற சாயத்தை அதில் ஊற்றவே கூடாது. சோறு வைக்க, பிஸ்கட் வைக்க அது போதும்.

மிஞ்சுவது பீங்கான். என் தெரிவு அதுதான். தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிக்கிறவர்களின் தெரிவும் அதுவே. தேயிலைச் சுவைப்புக்கான அனைத்துலக நியமம் ஒன்று உண்டு, 1980இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103. 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிநீர் ஊற்றி 6 நிமிடம், ஊற்றுகிற கிண்ணம் வெள்ளைப் பீங்கான் அல்லது மெருகிட்ட மட்பாண்டம் என்று அது விதிக்கிறது. வெள்ளையில்தான் சாயத்தின் நிறம் கலப்பில்லாமல் தெரியும். நல்ல பீங்கான் எந்த வாசனையையும் பிடித்து வைக்காது, எதையும் தேத்தண்ணிக்குள் விடாது. கொழும்பு ஏலத்தில் ஒரு தோட்டத்துத் தூளின் விலை வெள்ளைக் கிண்ணத்தில்தான் முடிவாகிறது. அதைப் பறித்தவரும் அதே வெள்ளையில் குடிக்கட்டும்.

நல்ல பீங்கானுக்கு நாம் தூரம் போகவும் வேண்டாம். கண்டிக்கு அடுத்த மாவட்டமான மாத்தளையில் நொரிடாகேயின் தொழிற்சாலை இருக்கிறது. பீங்கானுக்குச் சேர்க்கிற ஃபெல்ட்ஸ்பார் என்ற கல்லும் மாத்தளை ஓவலையில் வெட்டியெடுக்கப்படுவதுதான். வெள்ளைக் களிமண் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் கிடைக்கிறது. தங்கொட்டுவைப் பீங்கான் தொழிற்சாலை 1984இல் தொடங்கியது. இவற்றின் முதல்தரம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. சின்னப் புள்ளி, பூ சற்று விலகியது என்று கழித்து வைப்பவை உள்ளூர்க் கடைகளுக்கு வருகின்றன. குடிப்பதற்கு அந்தப் புள்ளி ஒரு குறையே இல்லை. விலையோ பாதிக்கும் கீழே.

கடையில் நின்று ஒரு கோப்பையைச் சோதிப்பது இப்படி. விரல் நகத்தால் விளிம்பைத் தட்டுங்கள். மணிபோல நீண்டு ஒலித்தால் விரிசல் இல்லை. சத்தம் மொட்டையாக அடங்கினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது. உள்ளே பாருங்கள், வெள்ளையாக இருக்க வேண்டும். உட்புறத்தில் கடும் சிவப்பும் மஞ்சளும் பூசிய மலிவுக் கோப்பைகளின் மெருகில் ஈயம், கட்மியம் கலந்திருக்க வாய்ப்புண்டு. கவிழ்த்துப் பாருங்கள்: அடிவளையம் சொரசொரவென்று இருந்தால், மேலே அடுக்கும்போது கீழிருக்கும் கோப்பையைக் கீறும். இரண்டு விரல் கைபிடிக்குள் போகிறதா, போனபின் விரல் முட்டி கோப்பையின் உடலில் படாமல் இருக்கிறதா? பட்டால் சூடு தாங்காது. கைபிடி உடலோடு சேர்கிற இரண்டு இடத்தையும் தடவிப் பாருங்கள். அங்கே மயிரிழைக் கோடு இருந்தால் ஒரு நாள் கொதிநீரோடு கைபிடி கழன்று வரும். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

அளவுதான் பலர் யோசிக்காத ஒன்று. பழைய பீரிஸ் கோப்பை 180, 200 மில்லிலீற்றர் பிடிக்கும். இப்போதைய மக் 300 முதல் 350. மக் பெரிதானால் தேத்தண்ணி மட்டும் கூடுவதில்லை. சீனி கூடுகிறது, பால்மா கூடுகிறது. சின்னக் கோப்பைக்கு ஒன்றரைக் கரண்டி போட்டவர் பெரிய மக்குக்கு மூன்று போடுவார். நாளைக்கு நாலு தடவை, வீட்டில் ஐந்து பேர் என்று பெருக்கிப் பாருங்கள். நீரிழிவு லயங்களுக்குள்ளும் வந்துவிட்ட காலம் இது. சாப்பாட்டோடு சேர்த்துப் பெரிய மக்கில் தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பதும் உறுதியான உண்மை. இரத்தச்சோகை அதிகமுள்ள தோட்டத்துப் பெண்களுக்கு இதை யாராவது வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். ஆகவே 200 முதல் 250 மில்லிலீற்றர், மேலே அகன்று கீழே சற்றுக் குறுகிய வடிவம், எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றின் மேல் ஒன்று நிற்கும், ஒன்று உடைந்தாலும் செட் கலையாது, இடமும் பாதியாகும்.

கலஹாக் குளிரில் பீங்கானில் ஊற்றிய தேத்தண்ணி உடனே ஆறிவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். காரணம், குளிர்ந்து கிடந்த கோப்பை முதலில் தான் சூடேறிக்கொள்கிறது. கேத்தலில் கொதிக்கிற தண்ணீரில் ஒரு வாய் ஊற்றி, சுற்றிக் கொட்டிவிட்டு, பிறகு சாயம் ஊற்றிப் பாருங்கள்.

எத்தனை, எங்கே

வீட்டில் எத்தனை பேரோ அத்தனை. மேலே நாலு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்பது கோப்பை. அதற்கு மேல் சின்னக் குசினியில் வேண்டாம்.

அப்படியானால் விசேஷத்துக்கு? பிள்ளை பெரியவளான வீடு, கலியாண வீடு, செத்த வீடு என்று நாற்பது ஐம்பது பேர் வந்தால்? லயத்தில் இந்தக் கேள்விக்கு என்றைக்கும் பதில் இருந்திருக்கிறது. பக்கத்துக் காம்பராவிலிருந்து கோப்பை வரும், அடுத்த வீட்டிலிருந்து கேத்தல் வரும். செத்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் தேத்தண்ணியே அயல் வீட்டிலிருந்துதான் வரும். திரும்பிக் கொடுக்கும்போது மாறாமல் இருக்கக் கோப்பையின் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி, ஒரு எழுத்து. இந்த வழக்கம் மங்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு வீடும் ஒரு விசேஷத்துக்கு வேண்டிய அத்தனையையும் தானே வைத்திருக்கப் பார்க்கிறது. தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் கதிரையும் கூடாரமும் பொதுவில் வாங்கி வைத்திருக்கின்றன. அதோடு ஐம்பது கண்ணாடிக் கிளாசும் இரண்டு பெரிய கேத்தலும் வாங்கி, கோயில் அறையில் ஒரு மரப் பெட்டியில் போட்டு வைத்தால், முப்பது வீட்டுக் குசினியில் முப்பது பலகை காலியாகும். செலவு வீட்டுக்குச் சில நூறு ரூபாய். இதைவிட எளிய சீர்திருத்தம் எனக்குத் தோன்றவில்லை.

இனி வைக்கிற இடம். கோப்பையின் இடம் கேத்தலுக்கு ஒரு கை எட்டுகிற தூரம். இது மட்டும் சரியாக இருந்தால் காலை ஐந்து மணி அவசரத்தில், பிரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கிற கூட்டத்துக்கு, நேரமாகிறதென்று ஓடுகிற வேளையில், பாதி நடை மிச்சம். ஆனால் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். விறகுப் புகையின் பிசுக்கு கோப்பையில் படியும், அதில் தூசி ஒட்டும். 2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது கேஸ் அடுப்பு வைத்திருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின. சில வீடுகள் பிறகு கேஸுக்கு மாறவேயில்லை. அடுப்பின் பக்கவாட்டில், புகை போகிற திசைக்கு எதிர்ப்புறம், கண் மட்டத்தில் வையுங்கள்.

இறாக்கை ஆழமாக இருக்கக் கூடாது. ஓரடி ஆழப் பலகையில் பின்வரிசைக் கோப்பை என்பது இல்லாத கோப்பைக்குச் சமம். அதை எடுக்கப் போய் முன்வரிசையில் ஒன்று விழும். ஆறங்குலம் போதும். ஒரே வரிசை. கைபிடிகளைச் சற்றே சாய்த்து ஒரே திசையில் வைத்தால் இரண்டடியில் ஐந்துக்குப் பதில் ஏழு நிற்கும்.

அதைவிட நல்லது தொங்கவிடுவது. கலஹாப் பக்கத்துப் பழைய லயக் குசினிகளில் ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டங்குல அகலத்தில் நீளமான ஒரு மரச் சட்டம், அதில் நாலங்குலத்துக்கு ஒன்றாகச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து அடித்த ஆணிகள். சட்டத்தின் இரு முனையும் சுவரில் உள்ள கூரை மரத்தில் பிடித்திருக்கும். ஆணித் தலைகளில் சைக்கிள் டியூப் துண்டு மாட்டியிருக்கும், பீங்கான் கீறாமல் இருக்க. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கோப்பை. தண்ணீர் தானே வடியும், காற்றுப் படும், கரப்பான் உள்ளே குடியிருக்காது, எலி ஏறாது. அதைச் செய்தவர் எந்தக் கடையிலும் அதைப் பார்த்துச் செய்யவில்லை. இன்று கண்டிக் கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்கிற கொக்கி ஸ்டாண்டுகள் எதுவும் இதைவிட ஒரு வேலையும் கூடச் செய்வதில்லை. பாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பீங்கான் மக் 300 முதல் 400 கிராம், ஒன்பது கோப்பை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ வரை வரும். லயத்துக் கல்லும் மண்ணும் சேர்ந்த சுவரில் வெறும் ஆணி அதைத் தாங்காது. அதனால்தான் மரத்தில் பிடிப்பது.

தொங்கவிட வழியில்லை என்றால் கவிழ்த்து வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா? விளிம்புதான் கோப்பையில் மெலிந்த இடம் என்பதால் நிமிர்த்தி வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய அலுமாரி உள்ள வீட்டுக்கு அது சரி. திறந்த குசினியில், எலி ஓடுகிற இடத்தில், எலிக்காய்ச்சல் உள்ள நாட்டில், கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். ஈரம் காய்ந்த பிறகு, துளையுள்ள தட்டிலோ பிரம்புத் தட்டிலோ. ஈரத்தோடு பலகையில் கவிழ்த்தால் உள்ளே புழுக்க மணம் அடிக்கும்.

சாயக் கறைக்கு அப்பச்சோடாவும் ஈரத் துணியும் போதும். நம் பாட்டிமார் அடுப்புச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்ததும் இதே வேலையைத்தான் செய்தது. ஆனால் தங்க விளிம்புக்கும் பூவுக்கும் சாம்பல் ஆகாது, உரிந்துவிடும்.

யாருடைய கோப்பை

கோப்பையை எடுத்து வைப்பதில் இடப் பிரச்சினையைவிடப் பெரிய ஒன்று நம் சமூகத்தில் இருந்தது, இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. சங்கானை, சாவகச்சேரி, நெல்லியடி என்று கடை கடையாக ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போய் உட்கார்ந்து, எல்லோருக்கும் தருகிற கோப்பையில் தங்களுக்கும் தேத்தண்ணி கேட்டார்கள். சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957இலேயே வந்திருந்தது. அப்படியும் அவர்களுக்கு வெளியே, போத்தலிலும் தனிப் பேணியிலுமே ஊற்றப்பட்டது. அடியும் வெட்டும் பட்டுத்தான் அந்தக் கோப்பை கைக்கு வந்தது. தமிழ்நாட்டின் இரட்டைக் குவளை முறையும் இதே அநியாயம்தான்.

மலையகத்திலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பல வீடுகளில் இன்றும் ஒரு தனிக் கோப்பை உண்டு. குசினிக்கு வெளியே, பைப்படிக்குப் பக்கத்தில், மற்றவற்றோடு சேராமல் கவிழ்ந்து கிடக்கும். சாதி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சுத்தம் என்பார்கள். நம் வீடுகளிலும், மரம் வெட்ட வருகிறவருக்கும் வடிகான் துப்புரவாக்க வருகிறவருக்கும் எதில் ஊற்றுகிறோம் என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேண்டாத மக் ஒன்றை "வெளியாட்களுக்கு" என்று மூலையில் வைத்திருந்தால் முதலில் அகற்ற வேண்டியது அதைத்தான். கோப்பைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று நான் மேலே சொன்னதற்கு அடுக்குகிற வசதி மட்டும் காரணமில்லை. ஒரே மாதிரி ஒன்பது கோப்பை ஒரே சட்டத்தில் தொங்கினால் எது யாருக்கு என்று பிரிக்க முடியாது.

கட்டப்போகிற வீடுகளுக்கு

லயங்கள் ஒருபுறம் நிற்க, மலையகத்தில் தனி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. 120 சதுர அடியிலிருந்து அங்கே போகிறவர்களுக்கு அது பெரிய மாற்றம். ஆனால் குசினி என்று கிடைப்பது நாலு சுவரும் ஒரு மேடையும்தான். இறாக்கை, கொக்கி, அலுமாரி எல்லாம் பிறகு அவரவர் பாடு. பூச்சு முடிந்த சுவரைக் குடைந்து ஆணி அடிக்க, பூச்சு பெயர்ந்து விழ, முதல் வருடமே சுவர் குழியாகிறது.

பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியத்திடமும், வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சிடமும், வீட்டுத் திட்டம் வரைகிற பொறியியலாளர்களிடமும் கேட்பது ஒன்றுதான். குசினி மேடைக்கு மேல் கண் மட்டத்தில், பூசுவதற்கு முன், ஆறங்குல ஆழத்தில் நாலடி நீளக் கொங்கிறீற்றுப் பலகை ஒன்றைச் சுவரோடு சேர்த்து வார்த்துவிடுங்கள். அதற்குக் கீழே ஒரு மரச் சட்டத்தைப் பதித்து விடுங்கள். ஒரு வீட்டின் மொத்தச் செலவில் அது கணக்கிலேயே வராத தொகை.

கட்டிமுடித்த வீட்டில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை குசினியில் உள்ள எல்லாக் கோப்பையையும் வெளியே எடுத்து வையுங்கள். விளிம்பு உடைந்ததை, கைபிடி ஆடுவதை, இனாமல் தெறித்ததை, மெலமைனைப் பிரித்து வைத்துவிட்டு, சோகேஸைத் திறந்து நல்ல செட்டை இறக்குங்கள். கழுவிக் கேத்தலுக்குப் பக்கத்தில் வையுங்கள். மலையிலிருந்து வருகிறவருக்கு அன்று பின்னேரத்துத் தேத்தண்ணியை அதில் ஊற்றிக் கொடுங்கள்.